ஊசி எடுத்துக்கொண்டு வந்த குரல்

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்... வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இது என் சகலையின் ஒன்றுவிட்ட தம்பிக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடுவில் யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அப்புறம் மிச்சம் தெரியாமல் நீங்கள்தான் தூக்கம் கெட்டுப் புரள வேண்டும்.

இரவு பத்தரை இருக்கும். மூடிக்கிடக்கும் குழாய் பாக்டரியின் மதிலை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். தெருவிளக்கென்றால் கம்பம் மட்டும்தான், பல்பு கிடையாது. அந்த இருட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிப் போனவன் பெயர் ஊசி.

பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. கம்ப்யூட்டரில் வைரஸ் எடுப்பது அவன் தொழில். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென் டிரைவ் தொங்கும். அதற்குள் விதவிதமான ஆன்டிவைரஸ். எதையும் மெஷினில் ஏற்ற வேண்டாம், செருகினால் போதும், இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அந்தப் பென் டிரைவிலிருந்து எழுப்புவான். "மயக்கத்துல இருக்கும்போதுதாங்க ஆபரேஷன் பண்ணணும்" என்பான். யார் எதைச் சொல்லிப் புலம்பினாலும் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்பான். பெயர் ஒட்டிக்கொண்டது.

கைராசிக்காரன்தான். ஆனால் வாய்க்கொழுப்பு. ஒருத்தர் கல்யாண போட்டோ போய்விட்டதென்று அழுதால், "ஆளு இருக்காருல்ல, விடுங்க" என்று சிரிப்பான். அடுத்தவர் அழுகை அவன் காதில் ஏறாது. வீட்டில் மட்டும் ஆள் வேறு. மகள் என்றால் உயிரை விடுவான். ஆறு வயசு. வாயை மூடவே மூடாது, தூக்கத்தில்கூட ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டில் அதைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பேச்சையும் "வந்து... வந்து..." என்று இழுத்துத்தான் தொடங்கும். எவ்வளவு அலுப்போடு வந்தாலும் அந்த இழுவையைக் கேட்டால் ஊசிக்குச் செருப்பைக் கழற்றும்போதே பாதிக் களைப்பு போய்விடும்.

அன்றைக்குக் கூப்பிட்டிருந்தது ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர். கீழே ஸ்டுடியோ, மேலே குடித்தனம். மனிதர் மாடிப்படி இருட்டில் காத்துக்கொண்டு நின்றார். விளக்கைப் போடவில்லை.

"கம்ப்யூட்டர் தானா பேசுது தம்பி. இவ அதை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறா. எதையும் கேக்காதீங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

"எடுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன குப்பை வண்டியா சார்? அழிச்சுட்டுப் போறேன்."

"எதையோ பண்ணுங்க. இங்க இருக்கக் கூடாது."

அறைக்குள் ஆல்பம் ஒட்டுகிற பசை நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாசனை... வெதுவெதுப்பாக. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் மூச்சு அடிக்குமே, அது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்க விசிறியிலிருந்து வந்தது. ஸ்டுடியோக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்து பெட்டியின்மேல் கன்னத்தை வைத்திருந்தாள். தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும்.

ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல். அப்புறம்...

"அம்மா."

சின்னக் குரல். மூக்கடைத்த மாதிரி.

"இருக்கேண்டா தங்கம். அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள்.

ஊசி அசரவில்லை. பாட்டுப் போடுகிற வைரஸைப் பார்த்திருக்கிறான், போலீஸ் மாதிரி மிரட்டுகிற வைரஸைப் பார்த்திருக்கிறான். இது கூப்பிடுகிறது, அவ்வளவுதானே.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க."

"தம்பி, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. காலையில வாங்க, நானே வாசல்ல நின்னு கூட்டிட்டு வரேன். ஒரு ராத்திரி பேசிக்கறேன்."

"வைரஸ்ங்கறது சளி மாதிரிக்கா. சளியோட பேசிக்கறேன்னு யாராவது சொல்லுவாங்களா? நகருங்க."

ஸ்விட்சை அணைத்தான். "அம்..." என்று பாதியில் அறுந்தது. அந்தப் பெண் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பென் டிரைவைச் செருகி எழுப்பினான். ஸ்கேன் ஓடியது. டக்... டக்... டக்... என்று ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். சட்டென்று நின்றது. ஒன்று மாட்டியது. ஒரு பைல். பெயர் இல்லை. எழுதப்பட்ட நேரம் என்ற இடத்தில் அப்போதைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டெலீட் கொடுத்தான். முடியவில்லை என்றது. மறுபடி கொடுத்தான். முடியவில்லை.

இந்த மாதிரி அடங்காத கேஸுக்கு ஒரு வழி உண்டு. கொல்ல முடியாததை ஆன்டிவைரஸ் தன் பென் டிரைவிலேயே ஒரு மூலையில் அடைத்துப் போட்டுவிடும். குவாரன்டைன் என்பார்கள். ஊசி அதை லாக்கப் என்பான். லாக்கப்பில் போட்டான். உடனே போனது. பென் டிரைவ் விரலைச் சுட்டது. அறையிலிருந்த அந்த மூச்சு வாசனை நின்றுபோனது.

அவள் அழவில்லை. முந்தானையால் பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்தாள். குழந்தைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி, மெதுவாக. ஊசிக்குச் சிரிப்பு வந்தது. படியிறங்கும்போது அடக்க முடியாமல் சிரித்தேவிட்டான். படி திரும்புகிற இடத்தில் ஒரு குழந்தை இரவு உடுப்போடு நின்றது. அவனைப் பார்த்து வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. ஊமைப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வண்டியை உதைத்தான்.

திரும்பி வரும்போது அதே மதில், அதே பள்ளம். கழுத்துக் கயிறு கனத்தது. சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டான், உள்ளே போட்டான். கனம் குறையவில்லை. யாரோ பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற மாதிரி... அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

வீட்டில் சில்வண்டு தூங்கிவிட்டிருந்தது. மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஊசி தன் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகினான். அது அவன் தினசரி வழக்கம். கையில் கொண்டுபோகிற ஆன்டிவைரஸ் தானாக எதையும் தெரிந்துகொள்ளாது. புது வைரஸ்களின் அடையாளங்களை நாம்தான் தினமும் அதற்கு ஏற்ற வேண்டும். அப்டேட் கொடுத்தான். அப்டேட் முடிந்ததும் அது இன்னொரு வேலையும் பார்க்கும். லாக்கப்பில் இருப்பவர்களைப் புது அடையாளங்களோடு மறுபடி விசாரிக்கும். தெரியாமல் பிடித்துவிட்டோம் என்று தோன்றினால் விட்டுவிடும். எந்த மெஷினில் செருகியிருக்கிறதோ அங்கேயே விட்டுவிடும்.

கொட்டாவி விட்டுக்கொண்டே திரையைப் பார்த்தான். லாக்கப்பில் ஒன்று. விசாரணை முடிந்தது. சுத்தமானது. விடுவிக்கப்பட்டது.

விடுவிக்கப்பட்டதா என்று அவன் நிமிர்வதற்குள் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்'.

"அம்மா."

சமையலறையில் குழாய் நின்றது. "என்னடி, இன்னும் தூங்கலையா?" என்றாள் மனைவி.

பதில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்... அதற்குமேல் அவள் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாளிலிருந்து அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் கைக்காரியம் செய்துகொண்டே உட்கார்ந்தாள். அப்புறம் காரியம் நின்றது, குளியல் நின்றது. பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அது அம்மா என்றால் இவள் என் கண்ணே என்பாள். பக்கத்தில் நிஜமான சில்வண்டு நின்று புடவையைப் பிடித்து இழுக்கும். "வந்து... வந்து... அம்மா, எனக்குப் பசிக்குது" என்னும். இவள் திரும்பமாட்டாள். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கவில்லை, கேட்கவே இல்லை அவளுக்கு. பிள்ளை கத்தும், அழும், கடைசியில் தரையிலேயே படுத்துத் தூங்கிவிடும்.

ஊசி சாதம் பிசைந்து ஊட்டினான், தலை பின்னிவிட்டான், பள்ளிக்கூடத்தில் விட்டான். நான்கு நாளில் ஆளே பாதியாகிவிட்டான். டெலீட் கொடுத்துப் பார்த்தான், நடக்கவில்லை. மொத்தத்தையும் அழித்துவிடலாம் என்று பெட்டியில் கை வைத்தான். மனைவி அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். ரத்தம் வந்தது. "பெத்த புள்ளையையா அறுக்க வர?" என்றாள்.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டான். அவரேதான் எடுத்தார், குரல் தெரியாதா. "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதற்கு நடுவில் பெட்டியிலிருந்து வந்த குரலின் மூக்கடைப்பு போயிருந்தது. ஒற்றை வார்த்தை போய் முழுப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொன்னது. பென்சிலைத் தொலைத்த கதையைச் சொன்னது. "வந்து... வந்து..." என்று இழுத்தது. சில்வண்டுக்கோ தொண்டை கட்டியது. முதலில் கரகரப்பு, அப்புறம் காற்றோடு கலந்த பேச்சு. அழுது அழுது கட்டியிருக்கிறது என்று ஊசி வெந்நீர் வைத்துக் கொடுத்தான். ஊர் வீட்டு மெஷினுக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்கிறவன், சொந்தப் பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தான்.

ஒரு நாள் மதியம் மனைவி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். ஊசிக்கு ஒரு யோசனை. புது அடையாளங்கள் இதைச் சுத்தம் என்கின்றன, பழைய அடையாளங்கள்தான் இதைப் பிடித்தன. பழையதைத் திரும்பப் போட்டான். மெஷினை அணைத்துப் பென் டிரைவிலிருந்து எழுப்பினான். ஸ்கேன் ஓடியது. டக்... டக்... மாட்டியது. லாக்கப். பென் டிரைவ் சுட்டது.

அப்போதே அதை ஒரு கல்லில் வைத்து நசுக்கியிருக்கலாம். நான் என் சகலையிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சொன்னார், "அவன் பொழைப்பே அதுக்குள்ளதானே இருந்துச்சு." வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்த கருவிகள். அதில் பாதி இப்போது எங்கேயும் கிடைக்காது. அதைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வரவில்லை. அப்டேட் பண்ணாமல் அதை வைத்துப் பிழைக்கவும் முடியாது. அப்டேட் பண்ணினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஆகவே அடுத்த அப்டேட்டை வேறு யார் வீட்டிலாவது பண்ண வேண்டும்... புரிகிறதா பயல் எங்கே போகிறான் என்று?

இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாள். தனிக்கட்டை. புருஷன் விட்டுப் போய்ப் பல வருஷம், பிள்ளை கிடையாது. பூவேலைக்கு டிசைன் போட ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். மெதுவாக ஓடுகிறது, வந்து பார் தம்பி என்று ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊசி கணக்குப் போட்டான். பிள்ளை இல்லாத வீடு, யாருக்கும் நஷ்டம் இல்லை, அவளுக்கும் பேச்சுத் துணை. நல்ல காரியம் செய்யப் போகிறவன் மாதிரிதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"உக்காருங்க தம்பி, தண்ணி கொண்டாரேன்" என்று அவள் உள்ளே போனாள். துணித்தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. செருகினான். அப்டேட். விசாரணை. சுத்தமானது. விடுவிக்கப்பட்டது. பென் டிரைவைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டினான். கயிறு லேசாக இருந்தது.

"சரியாயிடுச்சுக்கா, நான் வரேன்."

"தண்ணி குடிக்காம போறீங்களே."

வாசல் தாண்டும்போது பின்னால் 'உஸ்ஸ்' கேட்டது. "வந்து... அம்மா..." என்றது.

ஊசியின் கால் ஒரு நொடி தயங்கியது. அது அவன் மகளின் குரல். சந்தேகமே இல்லை. குரல்தானே, பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறதே என்று வேகமாக நடந்தான்.

"யாரு?" என்றாள் உள்ளே தையல்காரம்மா. "யாரும்மா அது?"

வீட்டில் மனைவி எழுந்துவிட்டிருந்தாள். மாதக்கணக்கில் படுத்திருந்தவள் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் தெளிந்திருந்தது. எதிரே நின்ற பிள்ளையைப் பார்த்தாள். ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டாள். முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். ஊசிக்கு அழுகை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

"எவ்வளவு எளைச்சுட்டே என் கண்ணு. அம்மானு கூப்பிடுடி ஒரு தடவை."

சில்வண்டு வாயைத் திறந்தது.

காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. "என்னடி, விளையாடறியா?" என்றாள் மனைவி. பிள்ளை தலையை ஆட்டியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அழுகைக்குக்கூடச் சத்தம் இல்லை.

ஊசிக்கு அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. அங்கே நின்ற குழந்தை ஞாபகம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதே என்றார். வெளியே வரும்போது இருட்டிவிட்டது. பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு நேரே தையல்காரம்மா வீட்டுக்கு விட்டான். அப்டேட் பண்ணியிருந்தாலும் பழைய அடையாளங்களின் நகல் பென் டிரைவில் ஓர் ஓரமாக இருந்தது. அஞ்சு நிமிஷ வேலை. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எடுத்து எப்படிப் பிள்ளையிடம் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் எடுத்தாக வேண்டும்.

கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தையல் மெஷின் ஓடவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம். ஊசி கதவில் காதை வைத்தான்.

சில்வண்டு பேசிக்கொண்டிருந்தது. பென்சில் தொலைந்த கதை. தையல்காரம்மா சிரித்தாள். அந்த அம்மாள் சிரித்து அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

"அக்கா, கதவைத் திறங்க. ஒரு நிமிஷம்."

சிரிப்பு நின்றது. "இப்ப வேணாம் தம்பி. மெஷின் நல்லா ஓடுது."

"அக்கா, உங்க கால்ல விழறேன். அது என் பொண்ணு குரல். பொண்ணு இங்க நிக்கறா பாருங்க."

ஊசி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு கூப்பிட்டான். "சில்வண்டு... அப்பா வந்திருக்கேண்டா."

காலடியில் நின்ற பிள்ளை அவனை அண்ணாந்து பார்த்தது. அதற்கும் புரிந்துவிட்டது. கதவிடுக்கில் வாயை வைத்தது. குதிகாலை உயர்த்தி, கையை முறுக்கி, உடம்பெல்லாம் நடுங்க உள்ளே பார்த்துக் கத்தியது. அதன் மூச்சுப் பட்டு கதவு மரம் ஈரமானது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே அந்தக் குரல் தணிந்தது. ரகசியம் சொல்லுகிற மாதிரி.

"அம்மா... வாசல்ல யாரோ நிக்கறாங்க. ஒரு ஆளு. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. அது வாயைத் திறந்து திறந்து மூடுது. எனக்குப் பயமா இருக்கும்மா. உள்ள விட்டுடாதே."

காலடிச் சத்தம் கதவுக்கு வந்தது. இடுக்கில் தையல்காரம்மாவின் ஒரு கண் தெரிந்தது. அது ஊசியைப் பார்க்கவில்லை. கீழே, பிள்ளையின் திறந்த வாயையே பார்த்தது. "அக்கா..." என்றான் ஊசி.

உள்ளே மேல் தாழ்ப்பாளையும் போட்டார்கள்.